போய்ச் சேராத படம்

சிவலட்சுமியின் இருதயப் படத்தைக் கௌசலா மறுபடியும் கொழும்புக்கு அனுப்பினாள். கணினித் திரையில் பாதி தூரம் ஓடிய பச்சைக் கோடு, வழக்கம்போல அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, போர்க்காலம். வவுனியாவில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தாள் கௌசலா. இருதய சத்திரசிகிச்சைக்கென ஒரு மருத்துவர் குழு கொழும்புக்கு வந்திருந்தது. படத்தைப் பார்த்துத்தான் அவர்கள் நோயாளியை எடுப்பார்கள். அவர்களின் கடிதம் வந்தால்தான் வவுனியாவைத் தாண்டிப் போகப் படையினரின் பாஸ் கிடைக்கும். தொலைநகலில் அனுப்பிய படம் அங்கே வெறும் கறுப்பாக விழுந்தது. தபாலில் போட்டது எங்கே கிடந்ததோ தெரியவில்லை. மின்னஞ்சல் ஒன்றுதான் மிச்சம்.

சிவலட்சுமியின் புருஷன் மாயாண்டி காலையில் ஆஸ்பத்திரியில் மனைவிக்குத் தேத்தண்ணி பருக்கிவிட்டு நேரே அலுவலகத்துக்கு வந்துவிடுவார். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து நெடுங்கேணியில் காடு வெட்டிக் குடியேறியவர். இத்தனை வருசம் வன்னியில் இருந்தும் பேச்சு மலையகப் பேச்சாகவே இருந்தது.

"போயிருச்சாம்மா?"

"இன்னும் இல்லை ஐயா. இருங்கோ, இன்னொருக்காப் பார்ப்பம்."

நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்தில் இருந்த கதிர்காமநாதன் தொலைபேசியில் எரிந்து விழுந்தார். "உங்கடை பக்கத்திலதான் பிழை. மற்ற ஆக்களின்ர மெயில் எல்லாம் வருதே!"

"என்ர சின்னக் கடிதங்களும் உங்களுக்கு வருதுதானே. படம் மட்டும் ஏன் வரேல்லை?"

அவருக்கும் தெரியவில்லை. கௌசலா மோடத்தை மாற்றினாள், வயரை மாற்றினாள். கடைசியில் கொழும்பில் கூடப் படித்த ஒருத்தியிடம் கேட்டு, கம்பியில் போய் வருகிற தரவுகளை ஒவ்வொரு துண்டாகப் பிடித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை எடுப்பித்தாள். நிறுவனத்தின் வாகனம் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று, அந்த மென்பொருள் இருந்த தட்டைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு கிழமைக்கு மேலானது. அதற்குள் சிவலட்சுமியின் கால்கள் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

தட்டு வந்த காலையே கௌசலா அதைப் போட்டு ஓடவிட்டு, படத்தை அனுப்பினாள். திரையில் வரிவரியாக விழுந்தது. சின்னத் துண்டுகள் போயின, அவற்றுக்குப் பதிலும் வந்தது. பெரிய துண்டு ஒன்று போனது, பதில் இல்லை. அதே துண்டு திரும்பவும் போனது. திரும்பவும். இடையில் ஏதோ ஒரு கருவி பெரிய துண்டுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. 'இது எனக்குப் பெரிசு, சின்னனாக்கி அனுப்பு' என்று அது சொல்லியிருக்க வேண்டும். அந்தச் செய்தி இங்கே வரவேயில்லை. அது தெரியாமல் அவளுடைய கணினி ஒரே துண்டையே அனுப்பிக்கொண்டிருந்தது.

துண்டின் அளவைக் குறைத்துவிட்டு அனுப்பினாள். பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது.

அன்று பின்னேரமே பதில் வந்தது. கட்டில் இருக்கிறது, உடனே கூட்டி வாருங்கள். கௌசலா தானே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சிவலட்சுமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழும்புல ரொம்பச் சனமா இருக்குமாம்மா? இவரு எங்கயாச்சும் தொலைஞ்சிருவாரு."

"நான் ஆள் அனுப்புறன் அம்மா, பயப்பிடாதேங்கோ."

பாஸும் கிடைத்தது. அம்புலன்ஸ் வரக் கொஞ்சம் முன்னர், மாயாண்டி துணிப்பையைக் கட்டிக்கொண்டிருக்கையில், சிவலட்சுமியின் தலை சுவரோடு சாய்ந்தது. கூப்பிட்டார். அவள் கண் திறக்கவில்லை.

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. வவுனியாவிலேயே எரித்தார்கள்.

மாயாண்டி நெடுங்கேணிக்குத் திரும்புமுன் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"யாரு மேலம்மா தப்பு? அந்தக் கொழும்பு ஐயாவா?"

"அவர் இல்லை ஐயா."

"இங்க யாராச்சுமா?"

கௌசலா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நடுவழியில் ஒரு பெட்டி. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் என்றுகூடத் தெரியாது. வேணுமென்று ஒருத்தரும் செய்யவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"யாரையாச்சும் நாலு வார்த்தை ஏசிட்டுப் போனா மனசு ஆறும்னு வந்தேம்மா."

அவர் படியிறங்கி, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதிர்காமநாதன் தொலைபேசி எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது. அந்தக் கட்டிலுக்கு வேறொருவரை இன்றைக்கே சொல்ல வேண்டுமாம். துணுக்காயிலிருந்து இருதய நோயோடு வந்திருந்த சிவனேஸ்வரி என்ற பெண்ணின் படத்தை அனுப்புவதாகக் கௌசலா சொன்னாள். "பேரை ஒருக்காச் சொல்லுங்கோ" என்று அவர் கேட்டார். 'சிவ' என்று தொடங்கியவளுக்கு மேலே வரவில்லை. மறுமுனையில் அவர் 'சிவ' என்று திருப்பிச் சொல்லி, மீதியைக் கேட்டார்.