வெட்டுக்கோட்டுக்கு அப்பால்

பேக்கரிக்காரரின் இடதுகைச் சுண்டுவிரல், அவருடைய காலண்டர் கட்டுகளை அச்சகத்தில் வெட்டிய மதியம் காணாமல் போனது. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. காலண்டரில் அச்சிட்டிருந்த அவர் படத்தில் அந்த விரல் வெட்டுக்கோட்டின் மேலேயே இருந்தது. கத்தி மயிரிழை உள்ளே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அதன்பின், அங்கே கணினியில் அச்சுக் கோப்புகளைத் தயார் செய்கிறவள், ஆட்களைக் கோட்டுக்கு நன்றாக உள்ளே தள்ளி, பின்னணியைக் கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீட்டாமல் எந்தப் படத்தையும் அச்சுக்கு விட்டதில்லை. சில வருஷங்கள் ஊரில் யாருக்கும் நகம்கூடக் குறையவில்லை.

பிறகு அவள் தங்கை தையல்கடை திறக்க ஏற்பாடு செய்தாள். துண்டறிக்கைக்கு அனுப்பிய படத்தில், தோழிகள் வரிசையின் கடைசியில், தோள் விளிம்பில் முட்ட நின்றிருந்தாள். நீட்ட அங்கே இடமே இல்லை.

"வேற படம் எடுத்து அனுப்புடி. இல்லேன்னா சுத்தி வெள்ளை ஓரம் விட்டுடறேன்."

"வெள்ளை ஓரமா? சாவு அறிவிப்பு மாதிரி இருக்கும். நாளைக்குக் கடை திறப்பு, அக்கா, எப்படியாவது ஒப்பேத்து."

தங்கையின் அரைகுறைகளை ஒப்பேற்றுவது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. அதில் யாரிடமும் சொல்லாத பெருமையும் உண்டு. படத்தின் ஓரத் துண்டை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, கோட்டுக்கு வெளியே ஒட்டினாள். எப்படியும் வெட்டுப்படப் போவதுதானே.

கத்தி இம்முறை வெளிப்பக்கம் விலகியது; ஒட்டியதில் ஒரு கீற்று தாளிலேயே தங்கிவிட்டது.

திறப்பன்று தங்கையின் தோளை ஒட்டி இன்னொரு தோள் இருந்தது, அதே துணியில். "யாரு இது, அக்கா, இடிச்சுக்கிட்டே நிக்குது?" என்றாள் தங்கை. வாடிக்கையாளர்கள் விலகி நடக்கப் பழகினார்கள். மழைக்காலத்துக்குள் ஒரு காது வந்தது, பிறகு பாதி வாய். அடுத்த வருஷம் கடையில் இரண்டு மெஷின் ஓடியது. தங்கை இளைத்துக்கொண்டே வந்தாள்.

வந்தவளைக் கோட்டுக்கு வெளியே தள்ளி மறுபடி அச்சடித்து வெட்டிவிடுவது என்று அக்கா கோப்பைத் திறந்தாள். ஒட்டிய துண்டு முழுப் பெண்ணாக நிறைந்திருந்தது. ஒருத்திக்கு வலக்கன்னத்தில் மச்சம், மற்றவளுக்கு இடக்கன்னத்தில். தங்கைக்கு எந்தப் பக்கம்? அரை மில்லிமீட்டர் பிசகையும் கண்டுபிடிக்கிறவள் வெகுநேரம் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

காகிதத்தை அகலமாக்கி, இருவரையும் கோட்டுக்கு உள்ளே நிறுத்தினாள். இப்போது இரண்டு பேரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.