அவருக்கு முதலில் தெரியும்

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: எதிர்வீட்டுத் தையல்கார அக்கா. மேல்மாடியில் தனியாக இருக்கும், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். லிஃப்ட் மெக்கானிக். அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த அவனுடைய கைக்குழந்தை. என் மனைவி. இவர்கள் போக இன்னொருவரும் வந்திருந்தார் என்பது அவர்கள் கணக்கு. அவருக்கு நாற்காலி வேண்டாம், டீ வேண்டாம். நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் என் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது என்பது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். பக்கத்து ஊரில் ரயில் ஓடுவது தெரிந்த மாதிரி. பார்சல் பிரிக்கும் கிடங்கில் எனக்கு இரவு வேலை. அவர்கள் பாடும் நேரத்தில் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கையறையில் கிடப்பேன். இப்போது வேலையை விட்டுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் கிடங்கின் கேட் வரை போனேன், உள்ளே போகக் கால் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். மனைவி கேட்டுவிட்டு, "சரி விடுங்க, பார்த்துக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அடுப்படியில் அவள் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சட்டையைத் தேடினேன். யாரும் வரவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வேலையை விட்டது, வாடகைக்காக வீட்டு ஓனர் முறைத்தது, வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் முதலாளி தன்னைக் கல்லாவிலிருந்து பின்னறைக்கு மாற்றியது, அதனால் வந்த அவமானம், நேற்று பஸ்ஸில் ஒரு கிழவி தனக்கு இடம் பிடித்து வைத்தது, அதற்கு நன்றி. எனக்கு மூன்று வார்த்தை. அவருக்கு ஒரு குழம்பு கொதித்து இறங்கும் வரைக்கும் பேச்சு.

அதிலும் அந்தக் குரல். என்னிடம் அவள் பேசுவது கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில். கண்ணாடியின் விலையைச் சொன்னதும் ஆள் கிளம்பிவிடுவானோ என்று பார்த்துப் பார்த்துப் பேசுவாள். அவரிடம் பேசும்போது குரல் அவிழ்ந்து கிடக்கும். சிணுங்குவாள், குறை சொல்வாள், பாதியில் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். நான் இரவு வேலைக்குப் போன வருடங்களில் அது இடம் மாறிவிட்டது.

ஒரு மனிதனாக இருந்தால் தெருவுக்கு இழுத்து நாலு கேள்வி கேட்கலாம். இவரை என்ன செய்வது? குடிப்பதில்லை, குறட்டை விடுவதில்லை, ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புத்தி சொல்வதில்லை. தூங்குவதும் இல்லையாம். நிரந்தர நைட் ஷிஃப்ட். என்னைப் போலக் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற ஆள் இல்லை.

அன்று தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் வழக்கம்போல ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். போன கூட்டத்தில் யார் யார் என்ன கேட்டார்களோ அதை எடுத்துச் சொல்லி மன்றாடுவது அவர்கள் முறை. தையல்கார அக்காவின் மருமகள் திரும்பி வரவேண்டும். டீச்சரின் முட்டிவலி. பிறகு லிஃப்ட் மெக்கானிக்கின் முறை வந்தது. அவனுக்கு ஜெபத்தில் இறங்கிவிட்டால் பக்கத்தில் சுவர் இருக்கிறதா, சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறானா என்பதெல்லாம் மறந்துவிடும்.

"ஆண்டவரே, இந்த வீட்டு அக்காவோட தொண்டையில இருக்குற கட்டிய நீர் பார்க்குறீர் ஐயா. வியாழக்கிழமை கத்தி வைக்கப்போற டாக்டரோட கைய நீர் பிடிச்சுக்கும். குரல் நரம்ப ஒட்டிக்கிட்டு இருக்குன்னு சொல்றாங்க, பேச்சே போனாலும் போகலாம்னு சொல்றாங்க, அந்தக் குரல எடுத்துடாதேயும் ஐயா..."

அதற்கு மேல் "ஆ" என்று ஒரு சத்தம். டீச்சர் கிள்ளியிருக்க வேண்டும். பிறகு மெக்கானிக் குரலைத் தாழ்த்தி, "ஆண்டவரே, இது உமக்கு மட்டும் சொன்னது" என்றான். தையல்கார அக்கா அவசரமாக ஆமென் சொன்னாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைத் துடைத்தேன். டம்ளர்களில் ஊற்றினேன். தட்டை எடுத்துக்கொண்டு போனபோது எல்லோரும் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். அவள் கழுத்தைப் பார்த்தேன். கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளேயும் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். சளி என்றாள். நான் இஞ்சி தட்டிக் கொடுத்தேன், அவளும் வாங்கிக் குடித்தாள்.

"சர்க்கரை போதுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"போதும் தம்பி, போதும்" என்றார். அவர் இன்னும் குடிக்கவே ஆரம்பிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அவள் டம்ளர்களைக் கழுவினாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

"தையல்காரிக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியும். லிஃப்ட்காரனுக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்குப் பேச வராது, இல்லன்னா அதுவும் சொல்லியிருக்கும்."

"புதன்கிழமை சொல்லலாம்னு இருந்தேங்க."

"அட்மிட் ஆகறதுக்கு முந்தின நாளா?"

"ஒரு ராத்திரி தூக்கம் போனாப் போதுமேன்னு. முன்னாடியே சொன்னா நீங்க அத்தன நாளும் முழிச்சிருப்பீங்க."

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூட வர்றதா ஏற்பாடு?"

எதிர்வீட்டுத் தையல் மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அதுதான் பதில்.

"என்கிட்ட ஏன் சொல்லல? சண்டைக்குக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

குழாயை மூடினாள். "உங்ககிட்டச் சொன்னா நான் ரெண்டு பேரத் தூக்கணும். அவர்கிட்டச் சொன்னா அவர் என்னத் தூக்குறார். எனக்கு இப்ப தெம்பு இல்லங்க."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். நான் வெளியே போய் அந்தத் தெருவை மூன்று நான்கு முறை சுற்றினேன். வயிறு எரிந்தது. கட்டியை நினைத்து என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மை அது இல்லை. என் மனைவிக்குக் கத்தி வைக்கப்போகிறார்கள், நானோ யாருக்கு முதலில் தெரிந்தது என்று வரிசை பார்த்துக்கொண்டு நடக்கிறேன். வரிசையில் அவர் முதலில். நான் கைக்குழந்தைக்குப் பின்னால்.

திங்கட்கிழமை எங்கள் கட்டடத்து லிஃப்டைச் சரிபார்க்க மெக்கானிக் வந்தான். என்னைப் பார்த்ததும் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவதுபோல நடித்தான்.

"வெளிய வாடா. கடிக்க மாட்டேன்."

"அண்ணே, என் வாய வச்சுக்கிட்டு நான் எந்த வீட்டுக்கும் போகக்கூடாதுண்ணே. டீச்சர் கிள்ளுனது இன்னும் கன்னிப்போய்க் கெடக்கு, பாருங்க." சட்டைக் கையை மடித்துக் காட்டினான். உண்மையிலேயே நீலமாக இருந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். அக்கா இந்தக் கட்டி சமாச்சாரத்தக் கடைசியிலதான் சொல்லுவாங்க. முதல்ல எப்பவும் உங்களுக்குத்தான் ஜெபம்."

"எனக்கு என்ன கேடு?"

"தூக்கம்ணே. வேலைய விட்டதுலேர்ந்து ராத்திரி நீங்க தூங்குறதில்ல, கட்டில்ல உக்காந்து சுவரையே பாத்துட்டிருக்கீங்க, உங்களுக்குத் தூக்கம் வரணும்னு. எங்கள எல்லாரையும் சொல்லச் சொல்லுவாங்க."

அவன் இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னான். நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள் என்றே எனக்கு அப்போதுதான் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு மூச்சு சீராக விட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஆக, என் தூக்கத்தையும் வீட்டுக்கு வீடு பங்கு வைத்தாகிவிட்டது.

"உன்கிட்டச் சொல்றா, அவர்கிட்டச் சொல்றா. அவ எழுந்து ஏன்னு என்னக் கேக்க மாட்டாளா?"

மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "பொறாமையாண்ணே? ஆண்டவர் மேலயா? அட, நான்கூட என் பொண்டாட்டி வாய்க்கு வாய் பாஸ்டர் பேரச் சொன்னான்னு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தவன்தான். நீங்க நேரா மேலிடத்துலயே கை வச்சிட்டீங்களே!"

"ரொம்பச் சிரிக்காத. லிஃப்ட் ஓடுதா பாரு."

"ஓடும்ணே. நீங்க போட்டி போடுறீங்க. அவர் போடலையே" என்றான். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை தையல்கார அக்காவிடம் போய், ஆஸ்பத்திரிக்கு நான்தான் போகிறேன், நீங்கள் யாரும் வரவேண்டாம் என்றேன். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவளால் உடனே திட்ட முடியவில்லை. எடுத்தபிறகு, "அதத்தான தம்பி நாங்க அவகிட்டத் தலைதலையா அடிச்சுக்கிட்டோம்" என்றாள். கதவு வரை வந்து, "அங்க போயும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றாள்.

வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை அரங்குக்கு வெளியே ஒரு நீளமான நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். சுவர் பாதிவரை பச்சை. அவளுக்குப் பின்பக்கம் நாடா கட்டும் அங்கி கொடுத்திருந்தார்கள். முடியைத் துணித் தொப்பிக்குள் அடக்கியிருந்தாள். கழுத்தில் துப்பட்டா இல்லை. அந்தக் கட்டியை அப்போதுதான் வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்தேன். புறா முட்டை அளவு. அதன்மேல் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். அவள் எச்சில் விழுங்கும்போது கோடும் ஏறி இறங்கியது.

நான் அவள் உதடுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எப்போது அசையும், எப்போது அவரிடம் ஆரம்பிப்பாள் என்று. ஆரம்பித்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அது அவர்களுக்குள் நடப்பது. உதடுகள் அசையவில்லை. எதிரே இருந்த தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபம் பண்ணலையா?"

தலையை ஆட்டினாள். "வரல."

"என்ன வரல?"

"காலையிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. அவர்கிட்ட ஒண்ணச் சொல்லாம மறைக்கிறேன். அத மறைச்சுக்கிட்டு மத்ததப் பேச வாய் வரமாட்டேங்குது."

நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை அது.

"பயமா இருக்குங்க. வலிக்கு இல்ல. குரல் போனாக்கூட எழுதிக் காட்டிப் பொழச்சுக்கலாம். போயிடுச்சுன்னா, எனக்கு அவர் மேல கோபம் வந்துடும்னு பயமா இருக்கு. இத்தன வருஷம் நம்பிட்டு, அப்புறம் அவர் மூஞ்சியில முழிக்கவே பிடிக்காமப் போயிடுமோன்னு. எல்லாரும் என்ன விசுவாசி விசுவாசிங்கறாங்க. இத நான் யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டயும்."

அவருக்குத் தெரியாத ஒன்று. எனக்கு முதலில். எத்தனை நாளாக இதற்காக எரிந்துகொண்டிருந்தேன். கையில் வந்தபோது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், தனக்கென்று உலகத்தில் உள்ள ஒரே வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டவள் மாதிரி இருந்தது. அந்த வீட்டுக்கு எதிராக எனக்கு ஆயிரம் இருக்கலாம். ஆனால் அவள் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

"இங்க பாரு" என்றேன். "என்மேல நீ எவ்வளவு கோபப்பட்டிருக்க?"

"எப்ப?"

"எப்பவும்தான். வேலைய விட்டப்ப. உன் தம்பி கல்யாணத்துக்கு நான் வராதப்ப. ஒரு மாசம் பேசாம இருந்தியே, தட்ட டொக்குன்னு வச்சுட்டுப் போவியே. நான் எங்கயாவது போனேனா?"

"உங்களுக்குப் போக்கிடம் ஏது?"

"சரி, இல்லன்னே வச்சுக்க. கேடுகெட்ட நானே உன் கோபத்தத் தாங்கிக்கிட்டு அங்கயே கெடந்தேன். அவர் தாங்க மாட்டாரா? கோபம் வந்தா வரட்டும். தட்ட டொக்குன்னு வை. சோறு திங்காமப் போயிடுவாரா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் கேட்கும் அதே சிரிப்பு, பாதியில் உடைந்து மறுபடி எழும்புவது. நடைபாதையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவருக்காக வாதாட வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அரங்குக் கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்தாள். கைப்பட்டையில் இருந்த எண்ணைச் சரிபார்த்தாள். "நடந்தே வந்துடலாம்மா. சார், நீங்க இங்கயே இருங்க."

அவள் எழுந்தாள். அங்கியின் நாடா ஒன்று அவிழ்ந்திருந்தது, அதைக் கட்டிவிட்டேன். இரண்டு முடிச்சு விழுந்துவிட்டது.

"நான் இப்ப சொன்னத..." என்றாள். "நீங்க அவர்கிட்டச் சொல்லிடுறீங்களா? நான் மயக்கத்துல இருப்பேன். அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சாத் தேவல."

"நானா?"

"வேற யாருக்குத் தெரியும்?"

"வாங்கம்மா" என்றாள் நர்ஸ். இருவரும் நடந்தார்கள். நானும் கூடவே போனேன். தரையில் சிவப்புக் கோடு இருந்த இடத்தில் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏய்" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பினாள். "அவர என்னன்னு கூப்பிடுறது?"

கதவுக்குள் ஒரு காலை வைத்துவிட்டு அவள் யோசித்தாள்.

"எப்படி வேணா கூப்பிடுங்க. திரும்பிப் பார்ப்பாரு."

உள்ளே போனாள். தொப்பிக்கு வெளியே தப்பியிருந்த கொஞ்சம் முடியும், முதுகில் என் இரட்டை முடிச்சும் தெரிந்தன. பிறகு கதவு தன் கனத்தில் தானே மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. உள்ளிருந்து யாரோ பூட்டினார்கள்.