ஆர்லீன் பாத்திரத்தில் லுடீ கிச்சன் டம்ப்ளிங்

லுடீ கிச்சன் என்ற சாப்பாட்டுக் கடையைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் எங்கள் அலபாமா ஊரில் கிடையாது. சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறான் பாவி என்று திட்டுவார்கள். திட்டிவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மெத்தடிஸ்ட் சபைக்காரர்கள் மேசை பிடிப்பதற்குள் அங்கேயே ஓடுவார்கள். பாப்டிஸ்ட் சபைக்காரர்களான எங்களுக்கு அதில் மட்டும் தோற்கப் பிடிக்காது.

திட்டுவதில் முதல் ஆள் என் மனைவி ஆர்லீன். "கோழிச் சாறுல மாவுத்துண்டைப் போட்டுட்டு டம்ப்ளிங்காம்! போஸ்டர் ஒட்டுற பசை!" என்பாள். தட்டு மட்டும் காலியாகிவிடும்.

அவளுக்கு மணிக்கட்டு பிசகிய வாரம் பார்த்து சர்ச் ஆண்டு விருந்து வந்தது. அங்கே டம்ப்ளிங் என்றால் ஆர்லீன்தான். ஒரு வருஷம் விட்டால் போதும், அந்தப் பெயரை, சர்ச்சில் அவளுக்குச் சமையல் போட்டியான வெல்டா தட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"ஹார்லன், நீங்களே செஞ்சு எடுத்துட்டு வாங்க. என் மானம் உங்க கையில" என்று சொல்லிவிட்டு, விருந்துக்கு மேசை போட முன்கூட்டியே சர்ச்சுக்குப் போய்விட்டாள்.

மாவு என் கையில் ஒட்டியது, சட்டையில் ஒட்டியது, நாய் மேலும் ஒட்டியது. பூரிக்கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு லுடீ கிச்சனுக்கு வண்டியை விட்டேன். வாங்கி வந்ததை அவளுடைய நீலப் பாத்திரத்தில் ஊற்றி விருந்துக்குக் கொண்டுபோனேன்.

பாஸ்டர் மூன்றாவது தடவை வாங்கினார். வெல்டாவே வந்துவிட்டாள். "சும்மா சொல்லக் கூடாதுக்கா, அமிர்தம்! லுடீ கிச்சன்காரன் இதுக்குக் கிட்ட வர முடியுமா?"

ஆர்லீன் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மென்ற வாய் நின்றது. வாராவாரம் திட்டித் திட்டித் தின்றவளுக்கா அந்த ருசி தெரியாது? என்னைப் பார்த்தாள்.

"முடியுமா? அவன் பசைதானே காய்ச்சுவான்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா."

"என் கைதான் இப்படி இருக்கே! நான் சொல்லச் சொல்ல இவர்தான் செஞ்சார். சனிக்கிழமை வீட்டுக்கு வா, உன் கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டுவார்."

வீட்டு வாசலில் கால் வைத்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கினதுகூடப் போகட்டும். அதை என் பாத்திரத்துலயா ஊத்தணும், மனுஷா?"

சனிக்கிழமை வெல்டா எதிரே உட்கார்ந்திருக்க, நான் மாவு தேய்த்தேன். "மெல்லிசா! இன்னும் மெல்லிசா! அட கடவுளே, பலகை கனத்துக்கு எதுக்கு?" என்று ஆர்லீன் என்னைப் பிழிந்தெடுத்தாள். கடைசியில், சத்தியமாகச் சொல்கிறேன், அச்சு அசலாக அவள் கைப்பக்குவமே வந்துவிட்டது. ஆர்லீன் ருசி பார்த்து, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வெல்டா ஊதி ஊதிச் சாப்பிட்டாள். தலையைச் சாய்த்தாள். பிறகு ஆர்லீன் தோளைப் பரிதாபமாகத் தட்டினாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. விருந்துல போட்டீங்களே, அதுதான் வீட்டு ருசி. இது லுடீ கிச்சன்ல வாங்கினது மாதிரியில்ல இருக்கு!"

பிசகிய கையாலேயே ஆர்லீன் பூரிக்கட்டையை எடுத்தாள். அது வெல்டாவுக்கா எனக்கா என்று நான் நின்று பார்க்கவில்லை.