கிரேன் இல்லாத ஊரில் சிக்னல்மேன்

செங்குட்டுவன் விரலைச் சுழற்றியதும் மடகாஸ்கர் கிராமம் ஒன்றில் எண்ணூறு கிலோ மர உத்தரம் தானாகத் தரையை விட்டு எழும்பியது. அந்த ஊருக்கு மிக அருகிலிருந்த கிரேன் இருநூறு கிலோமீட்டர் தள்ளித் துறைமுகத்தில், அதுவும் ரிப்பேரில் நின்றது.

அவர் நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் சிக்னல்மேன். கிரேன் கேபினில் இருப்பவருக்குக் கீழே நின்று கைகாட்டுகிற வேலை. விரலை வானத்துக்கு நீட்டிச் சுழற்றினால் தூக்கு, தரைக்கு நீட்டிச் சுழற்றினால் இறக்கு, கையை மூடினால் நில். இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர்களுக்கும் அந்தக் கை புரிந்தது. வாய்க்கு வேலை வரவில்லை. ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து முத்தாண்டிக்குப்பத்தில் குடியேறிய மறுவருடம், நகரியத்துத் திருச்சபையிலிருந்து ஐந்து பேர் மடகாஸ்கருக்கு மிஷன் ஊழியத்துக்குப் புறப்பட்டார்கள். அவரும் பெயர் கொடுத்தார்.

“பொண்டாட்டிகிட்டயே நாளைக்கி நாலு வார்த்த. அங்க போயி இன்னா பேசுவீங்க?” என்றாள் மனைவி விஜயகுமாரி.

“கை இருக்குதே.”

“கைய ஆட்டிக்கினு நின்னா பஸ்சுதான் நிக்கும்.”

மொழிபெயர்க்க வேண்டியவர் மலேரியாவில் துறைமுகத்திலேயே படுத்துவிட்டார். போதகர் அஸ்வின் மூன்று நாள் ஆங்கிலத்தில் சுவிசேஷம் சொன்னார். ஊரார் மரியாதையாகக் கேட்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் புரிந்தது கிழங்கு மட்டும்தான். ஆனால் ஊரின் கவலையைச் சொல்ல மொழி தேவைப்படவில்லை. புயல் ஆலயத்தின் கூரையைக் கொண்டுபோயிருந்தது. மேடான இடம் என்று ஊரின் விதைநெல் முழுவதையும் அங்கேதான் குவித்திருந்தார்கள். மேலே கிழிந்த தார்ப்பாய். புதிய உத்தரம் முற்றத்தில் கிடந்தது. ஆண்கள் தூரத்துத் தோட்ட வேலைக்குப் போயிருக்க, நெல்லுக்குப் பொறுப்பான நிரினா என்ற பெண்ணும் மற்றப் பெண்களும் அதை ஒரு சாண்கூட நகர்த்த முடியாமல் ஓய்ந்திருந்தார்கள். நெல் நனைந்தால் அடுத்த வருடம் சாப்பாடு கிடையாது.

நான்காம் நாள் மேகம் கறுத்தது. எல்லோரும் தோள் கொடுத்தும் மரம் அசையவில்லை. செங்குட்டுவன் பழக்கதோஷத்தில் விலகி, உத்தரத்தின் இரண்டு முனையும் தெரிகிற இடத்தில் போய் நின்று, இல்லாத கேபினை அண்ணாந்து பார்த்து விரலைச் சுழற்றினார். உத்தரம் எழும்பியது. சுவரைத் தாண்டியது, தென்னையைத் தாண்டியது. நில் என்று காட்ட வேண்டியவர், முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக மறந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மூன்று நாளாக அவர் கையாட்டுவதைப் பழித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த நிரினாதான் கையை மூடினாள். உத்தரம் நின்றது.

ஒரு கிரேனுக்கு இரண்டு சிக்னல்மேன் கூடாது என்பது சுரங்கத்து விதி. இல்லாத கிரேனுக்கு விதி இல்லை. மேற்குச் சுவரில் அவரும் கிழக்குச் சுவரில் அவளும் நின்று, சாண் சாணாக இறக்கிச் சுவர்மேல் உட்கார்த்தினார்கள். பொழுது சாய்வதற்குள் ஓலை வேய்ந்தாயிற்று. பதினொரு நாள் மழை பெய்தது. ஒரு மணி நெல் நனையவில்லை. அந்தப் பதினொரு நாளும் ஊர் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அவரோடு கையால் பேசியது. யார் செத்தார், யாருக்குப் பிள்ளை பிறந்தது, கடவுள் எந்தப் பக்கம் இருக்கிறார், எல்லாம்.

“எப்படி அங்கிள் இது?” என்று அஸ்வின் கேட்டார்.

“பேலன்ஸ் சரியா இருந்துச்சி பாஸ்டர்.”

சபையின் ஆண்டறிக்கையில் “கூரை வேலை இனிதே முடிந்தது” என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் யாரும் துருவவில்லை. ஞாயிறுதோறும் நிரினா வீடியோ காலில் வருவாள். இரண்டு பக்கமும் சத்தமே இருக்காது. போன மாதம் அறுவடை. புது நெல்லை அள்ளிக் காட்டியவள், சந்தோஷத்தில் விரலை வானத்துக்கு நீட்டிச் சுழற்றிவிட்டாள். முத்தாண்டிக்குப்பத்தில் செங்குட்டுவன் நாற்காலியை விட்டு இரண்டு முழம் எழும்பினார்.

“சோறு ஆறுது. எறக்கிவுடச் சொல்லுங்க” என்றாள் விஜயகுமாரி.

“இரு. எவ்ளோ சுத்தமாத் தூக்குறா பாரு” என்றார் அவர், ஆடாமல் நிமிர்ந்தபடி.

விஜயகுமாரி அண்ணாந்து பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. தட்டை மேலே நீட்டினாள்.