மாம்பழ மருந்து

தபீதாளுக்குக் கோதுமையும் ஆகாது, வேர்க்கடலையும் ஆகாது. உடம்பு தேற முட்டையும் பருப்பும் கொடுக்கச் சொன்னார் சித்தூர் டாக்டர். அவள் புருஷன் கிருபானந்தம் அரிசிமாவு, பொட்டுக்கடலை மாவு, ஆறு முட்டை, பங்கனபள்ளி மாம்பழம் எல்லாம் கலந்து, மணல் கொட்டிய அண்டாவில் வைத்து, மூடிமேல் தணல் பரப்பி கேக் சுட்டான். போன தடவை பாழாய்ப்போன விருந்தாளிகளே தின்று தீர்த்தார்கள். அவளுக்குத் தூள்கூட மிஞ்சவில்லை.

கேக் ஆறிய நேரம் பார்த்து, சர்ச்சில் ஜெபம் நடத்தும் சபை ஐயர் வந்து கை நீட்டினார்.

"தொடாதீங்க ஐயரே, அது இவ துன்ற மருந்து!" என்றான், பொய்யே சொல்லாத கிருபானந்தம்.

"மருந்தா? அப்ப ஜெபம் பண்ணிடலாம்," என்று ஐயர் கண்ணை மூடினார். சின்ன ஜெபம் அவருக்கு வராது.

அவர் ஆமென் சொல்வதற்குள் தபீதாள் பாதி மருந்தைத் தின்று முடித்திருந்தாள்.