தாவணி போட்ட பிள்ளை

குழந்தைகள் வார்டு வாசலில் நின்ற நர்ஸ் ஞானமேரி, பாஞ்சாலியின் முகத்தைப் பார்க்கவில்லை. தாவணியைத்தான் பார்த்தாள்.

"இது பெரிய பொண்ணும்மா. பன்னெண்டு வயசு வரைக்கும்தான் இங்க. எதிர்ப் பக்கம் பொம்பள வார்டுக்கு இட்டுக்கினு போ."

வீரம்மாள் மகளைத் தோளில் சாய்த்தபடி நின்றாள். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மண்டிக்குக் கிளம்பிய லாரியில், மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தாள். லாரி பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். புருஷன் சுப்பராயலு வரவில்லை. கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிறார்கள். இன்றைக்கு நின்றுவிட்டால் இந்தப் போகம் முடிகிற வரைக்கும் நிலத்துக்காரர் கூப்பிடமாட்டார்.

"பதினாறுதான் நர்சம்மா முடிஞ்சிருக்குது. இன்னும் எம்மேல காலப் போட்டுக்கினுதான் தூங்குது."

"காலப் போட்டா கொழந்தையாயிடுமா? ஜல்தியா போம்மா. வலியில துடிக்குது பாரு."

சொல்லிவிட்டு அவளே பெண்ணின் மறு தோளைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள். கெட்டவள் இல்லை. உள்ளே ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளாகப் படுக்க வைத்திருந்தார்கள்.

எதிர்ப் பக்கம் போகிற வழியில் வீரம்மாளின் கால் நின்றுவிட்டது. பெண்கள் வார்டும் பிரசவ வார்டும் ஒரே கூடம். வாசல் முழுக்கப் பிள்ளை பெற்றவர்களுக்குத் துணைக்கு வந்த பொம்பளைகள். சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு ஊர் பாக்கி இருக்காது. போன வருஷம் அவள் ஊர்த் தாண்டவராயன் மகள் வயிற்றுவலி என்று இதே கூடத்தில் வந்து கிடந்தாள். அவள் வீடு திரும்புவதற்குள், கலைக்கப் போனாளாம் என்கிற பேச்சு ஊருக்குப் போய்விட்டது. நிச்சயம் பண்ணியவன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். அந்தப் பெண் இப்போது எங்கேயோ செங்கல் சூளையில் கிடக்கிறாள். பாஞ்சாலிக்குத் தையில் கல்யாணம். வானூர் மாப்பிள்ளை. பூ வைத்து இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை.

வீரம்மாள் திரும்பிக் கேட்டுக்கு வெளியே வந்தாள். பூவும் பன்னும் விற்கிற கடையில் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வாங்கினாள். மதில் மறைவில் மகளை உட்காரவைத்து, தாவணிக்கு மேலேயே தன் மாற்றுச் சேலையைச் சுற்றிவிட்டாள். பிறகு கிழங்கைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டினாள். மூன்று முடிச்சுப் போட மனசு வரவில்லை. ஒரே முடிச்சு. ஆனால் இறுக்கிப் போட்டாள்.

"இன்னாம்மா இது?" என்றாள் பாஞ்சாலி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசாம இரு. வூட்டுக்குப் போறப்ப கழட்டிடலாம்."

"சாமி குத்தம் ஆயிடாதா?"

"ஆனா எனக்கு ஆவட்டும். நீ எழுந்திரு."

கூடத்தில் கடைசிக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றுக் கிடந்த வெள்ளையம்மாள், வந்து படுப்பதற்குள் விசாரணையை ஆரம்பித்துவிட்டாள்.

"சின்ன வயசா இருக்குதே. எந்த ஊருக்குக் குடுத்திருக்க அக்கா?"

இதற்குப் பொய் எதுவும் வீரம்மாள் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் இருந்த ஊர் வந்துவிட்டது. "வானூரு."

"அட, எங்க ஊரு! யாரு வூடு?"

"நீ பாத்திருக்க மாட்ட. புதுசா குடி வந்தவங்க."

"எனக்குத் தெரியாம வானூர்ல ஒரு வூடா? கோழி முட்ட வச்சாக்கூட எனக்குத் தெரியும்." அவள் சிரித்தாள். சிரித்தபடியே பாஞ்சாலியின் வெறும் கால் விரல்களைப் பார்த்தாள். "மெட்டி எங்கக்கா?"

"கழனியில கழண்டு வுழுந்திடுச்சி" என்று சொல்லிவிட்டு வீரம்மாள் சேலையை இழுத்து மகளின் காலை மூடினாள்.

டாக்டரம்மா வந்தாள். முதலில் கயிற்றைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்தாள். "எவ்ளோ நாள் தள்ளிப் போயிருக்கு?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். வெள்ளையம்மாள் தலையை ஒருக்களித்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்றால் கயிறும் பொய் என்று தெரிந்துவிடும்போல் பட்டது. "ரெண்டு மாசங்க" என்றாள் வீரம்மாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அந்த இரண்டு மாசத்துக்கான வைத்தியமாகவே நடந்தது. கருவைக் காப்பாற்ற ஒரு ஊசி. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அண்டைகொடுத்து உயர்த்தினார்கள். அசையக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஒரு பிரசவத்துக்கு ஓடினாள். தலை தாழ, கால் தூக்கி, பாஞ்சாலி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். தொப்புளைச் சுற்றி இருந்த வலி வலது பக்கம் இறங்கியிருந்தது. உடம்பு சுட்டது.

"எம்மா, சொல்லிடும்மா. தலகீழா தொங்குறாப்பல இருக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு."

"யாருக்காகப் பொறுக்கறது? அந்த வானூரானுக்கா? அவன் மூஞ்சியக்கூட நான் சரியா பாக்கல."

வீரம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பால் குடிக்கிற சத்தம் நின்றதுபோல் இருந்தது. உள்ளங்கையில் பட்ட மூச்சு அடுப்பு வாய்போல் சுட்டது.

கொஞ்ச நேரம் பாஞ்சாலி முனகிக்கொண்டிருந்தாள். பிறகு முனகலும் இல்லை. வலி விட்டுவிட்டது என்றுதான் வீரம்மாள் முதலில் நினைத்தாள். தூங்குகிறாளா என்று வயிற்றில் கை வைத்தபோது அது பலகையாக இருந்தது. உதடு வெளுத்து, கண் பாதி மூடி, பெண் சும்மா கிடந்தாள். ஈ ஒன்று மேல் உதட்டில் உட்கார்ந்தது. அதை ஓட்டக்கூட அவள் முகம் சுளிக்கவில்லை.

வீரம்மாள் மகளின் கழுத்தில் கை வைத்து முடிச்சைத் தேடினாள். வேர்வையில் ஊறி இறுகியிருந்தது. நகம் ஏறவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

"அடிப்பாவி! தாலிய அறுக்கறாடி! பெத்தவளே அறுக்கறா!" எவளோ கத்தினாள். கூடம் முழுக்க எழுந்து உட்கார்ந்தது.

"தாலி இல்லடி! கடையில வாங்கின கயிறு!" அதைவிடப் பெரிதாகக் கத்தினாள் வீரம்மாள். "எம்பொண்ணுக்குக் கல்யாணமே ஆவல. தையிலதான் வானூருக்குக் குடுக்கறோம். வவுத்துல ஒண்ணும் இல்ல, நான் பொய் சொன்னேன். டாக்டரம்மா! இங்க வாங்கம்மா!"

டாக்டரம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். வலது அடிவயிற்றை ஒரு விரலால் அழுத்தி எடுத்தாள். அதுவரைக்கும் சும்மா கிடந்த பெண் கட்டிலிலிருந்து எகிறினாள்.

"குடல்வால் வெடிச்சிருக்கு. காலையிலேயே சொல்லியிருந்தா அப்பவே வெட்டி எடுத்திருப்பேனே. உனக்கு என்னம்மா கேடு?"

இது எந்த வயசுப் பிள்ளை, எங்கே சேர்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். செங்கல் வைத்த கட்டில் காலியாகச் சரிந்து நின்றது.

வீரம்மாள் தன் பையை எடுக்கக் குனிந்தபோது வெள்ளையம்மாள் கேட்டாள். இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

"வானூர்ல யாரு வூடுக்கா?"

"கிருஷ்ணசாமி வூடு" என்றாள் வீரம்மாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"மாப்ள எங்க பெரியப்பா மவன்தான்" என்றாள் வெள்ளையம்மாள். அப்புறம் பிள்ளையை மறு மார்புக்கு மாற்றினாள். மேலே ஏதோ சொல்ல வந்தவள்போல் இருந்தது. வீரம்மாளுக்கு நிற்க நேரமில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அவள் சுவரோடு உட்கார்ந்தாள். கதவு திறந்து ஞானமேரி வந்தாள். ஆபரேஷனுக்கு இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. கைக்குட்டையில் பாஞ்சாலியின் கண்ணாடி வளையல்கள்.

"கழட்டறப்ப ரெண்டு ஒடஞ்சி போச்சிம்மா. பத்திரமா வச்சிக்கோ."

"பொழச்சிக்குமா நர்சம்மா?"

"சீழ் பரவிக்கினு இருக்குது. பாத்துக்கினு இருக்காங்க." அவள் உள்ளே போய்விட்டாள்.

கைக்குட்டையில் வைத்தால் விழுந்துவிடும் என்று வீரம்மாளுக்குப் பட்டது. பச்சை வளையல் ஒன்றை எடுத்துத் தன் கையில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். களை பிடுங்கிக் காய்த்த கை. விரல்களைக் குவித்தாள், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். வளையல் கணுக்களில் வந்து நின்றது. இன்னும் அழுத்தினால் உடையும். கழற்றவும் மனசில்லாமல், அந்தக் கையை அப்படியே குவித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.