மூன்றாம் மாடிப் புகைக்குழாய்

கட்டடத்தைப் புதுப்பிக்கும் அரசுத் திட்டத்துக்கு எங்களில் கையெழுத்துப் போடாமல் நின்றது ஸ்தோய்னா ஒருத்திதான். ஒரு வீடு மறுத்தாலும் மொத்தக் கட்டடத்துக்கும் கிடையாது என்று தலைநகர் சோஃபியாவில் விதி போட்டிருந்தார்கள். அதனால் ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம், கட்டடப் பொறுப்பாளன் ராய்ச்சோ ஒரு பாட்டில் பிளம் சாராயத்தோடு அவள் வீட்டுக்குப் போனான். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டான்.

"சும்மா தர்றாங்கக்கா," என்றான். "சுவர் பூரா வெளிப்பக்கம் சாண் தடிமனுக்கு நுரைப் பலகை ஒட்டுறாங்க. குளிர் உள்ள வராது. கூரையில சூரியத் தகடு. முற்றத்துல கரண்டுல ஓடுற மெஷின், அதுலேர்ந்து வீட்டுக்கு வீடு சூடு. கரி வேணாம், சாம்பல் அள்ள வேணாம்."

"என் அடுப்புக் குழாய்?"

"அது போயிரணும். அந்தப் பலகையில நெருப்புப் பட்டா பத்திக்குமாம்."

"அப்ப சாராயத்த எடுத்துட்டுக் கெளம்பு."

முன்பெல்லாம் அனல்மின் நிலையத்திலிருந்து ஊருக்கே சுடுதண்ணீர் குழாயில் வரும். ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது அதையும் மூடிவிட்டார்கள். ஸ்தோய்னா அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, அங்கே கரியடுப்பு வைத்து, புகைக்குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டிருந்தாள். எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ஒரே அறையில்தான் குடும்பம் இருக்கும். அவர்களுக்கு அந்தப் பால்கனிதான் எல்லாம். அடுப்பை ஒட்டி ஒரு கட்டில், கட்டிலில் அவள் புருஷன் பிளாகோய். சுரங்கத் தூசியில் அவர் நுரையீரல் கல்லாகிவிட்டது. குளிர்ந்த காற்று நெஞ்சுக்குள் போனால் உதடு நீலமாகிவிடும்.

கட்டிலில் இருந்தபடி அவர்தான் பேச்சை மாற்றினார். "ஏன்டா ராய்ச்சோ, உனக்குச் சூரியத் தகடு மாட்டப் பயிற்சி குடுத்தாங்களாமே? காலமெல்லாம் மண்ணுக்குள்ள கிடந்தவன கூரைமேல ஏத்திட்டாங்க. தலை சுத்தலையா?"

"சுத்துதுண்ணே. சான்றிதழ் கையில இருக்கு. வேலைதான் இன்னும் வரல."

"வரும் வரும். பள்ளிக்கூடத்துக்குப் புது ஜன்னல் வந்துச்சே, அது மாதிரி."

"ஜன்னல் வந்துச்சு," என்றாள் ஸ்தோய்னா. "பிள்ளைங்கதான் ஜெர்மனிக்குப் போயிருச்சு."

ராய்ச்சோ சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். "நவம்பர் பொறக்குறதுக்குள்ள சூடு வந்துரும்க்கா. திட்டத்து இன்ஜினியரம்மா அவங்க வாயாலயே சொன்னாங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா என் வீட்டுல வந்து உக்காருங்க. அண்ணனத் தூக்கிட்டுப் போறது என் பொறுப்பு."

"எங்க வீடும் இருக்கே," என்றேன் நானும்.

பிளாகோய்தான் சொன்னார்: "போட்டுரு ஸ்தோய்னா. மேல் வீட்டுப் பிள்ளைங்க ஈரச் சுவர ஒட்டிப் படுக்குதுங்க. ஒரு கிழவனோட இருமலுக்காக ஊரே நனையணுமா?"

"உன்னை யாரு கேட்டா?" என்றாள். ஆனால் போட்டாள்.

செப்டம்பரில் குழாயைக் கழற்றினார்கள். ஓட்டையில் செங்கல் துண்டைத் திணித்து, மேலே பலகை ஒட்டி, மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். கட்டடம் புதுசாக நின்றது. அக்டோபரில் மெஷின்கள் லாரியில் வந்தன. முற்றத்தில் இறக்கி நீலத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நவம்பர் வந்தது, தார்ப்பாயை யாரும் அவிழ்க்கவில்லை. இவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் மின்மாற்றி எங்கள் பேட்டையில் இல்லையாம். அதை மாற்றுவது வேறொரு திட்டமாம், வேறொரு இலாகாவாம்.

ஆளாளுக்கு மின்சாரக் கணப்பு வாங்கினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டதும் கட்டடமே இருண்டது. ராய்ச்சோ சுரங்கத்தில் மின்பணியாளனாக இருந்தவன். அவன்தான் முறை வைத்தான். இடப்பக்க வீடுகளுக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை, எங்கள் வலப்பக்கத்துக்குச் சாயங்காலத்திலிருந்து இரவு வரை. கணப்பு, மின்சார அடுப்பு, எதுவானாலும் அவரவர் முறையில்தான். முறை தவறி யாரும் எதையும் போடக் கூடாது.

ராய்ச்சோ வீடு இடப்பக்கம். சொன்ன வாக்குப்படி டிசம்பரில் ஒரு வாரம் காலை நேரங்களில் பிளாகோயை முதுகில் சுமந்துகொண்டுபோய் வைத்துக்கொண்டான். அப்புறம் அவன் மருமகள் கைக்குழந்தையோடு ஸ்தோய்னா வாசலில் வந்து நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்கத்தை. அந்த இருமல்... குழந்தை இருக்கு."

"கல்லான நுரையீரல் யாருக்கும் ஒட்டாதும்மா."

"தெரியும்த்தை. இருந்தாலும்..."

ஸ்தோய்னா அதற்குமேல் கேட்கவில்லை. புருஷனுக்குச் சொக்காய்க்கு மேல் சொக்காய் போட்டு, தன் கோட்டையும் போட்டுவிட்டாள். என் வீடும் வலப்பக்கம்தான், அவளுக்குச் சூடில்லாத நேரத்தில் எனக்கும் இல்லை. பீன்ஸ் சூப் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஸ்தோய்னா அவருக்கு ஊட்டிவிடுவாள்.

ஜனவரியில் பனி இறுகியது. ஒருநாள் படிக்கட்டில் ராய்ச்சோவை மடக்கினாள்.

"ரொட்டிக் கத்தியால அறுத்தாலே அந்தப் பலகை வந்துரும். நான் குழாய வெளிய விடப் போறேன்."

"அக்கா, உங்க கால்ல விழறேன். வெள்ளிக்கிழமை சோஃபியாவிலேர்ந்து துணை அமைச்சர் வர்றாரு. கட்டடத்த ஒப்படைக்கிற விழா. சுவர்ல ஓட்டையப் பார்த்தா வேலை முடியலன்னு எழுதிருவாங்க. அப்புறம் மின்மாற்றியும் வராது, சூடும் வராது, யாருக்குமே."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இவரு தாங்கணுமே."

"நாலு நாள்தான்க்கா."

"நீ அவருகிட்டயே வந்து சொல்லு."

அவன் வந்தான். சொல்ல வந்தவனைப் பிளாகோயே முந்திக்கொண்டார். பேசப் பேச மூச்சு நின்று நின்று வந்தது. "அடேய், சுரங்கத்துல... கூரை இடிஞ்சப்ப... ரெண்டு நாள் கிடந்தேன். இது என்ன... மெத்தைமேல."

ராய்ச்சோ என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போனான். ஆனாலும் குழாயைப் போடுங்கள் என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஸ்தோய்னா என் கதவைத் தட்டினாள்.

"வா. நீலமாவே நின்னுட்டாரு."

போனேன். கண்ணை அவளே மூடியிருந்தாள். தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி. பால்கனிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது.

கீழே அதற்குள் மேடை போட ஆரம்பித்திருந்தார்கள். செய்தி கேட்டு ராய்ச்சோ நல்ல கோட்டும் டையுமாக ஓடி வந்தான். கட்டிலருகே மண்டியிட்டு அவர் கையை முத்தமிட்டான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது மெதுவாகக் கேட்டான்:

"அக்கா, அறிவிப்பு அடிச்சாச்சா?"

இறந்தவர் படத்தோடு அறிவிப்பு அச்சடித்துக் கட்டடத்தின் கதவில் ஒட்டுவது எங்கள் வழக்கம்.

"இன்னும் இல்ல. ஏன்?"

"புதுக் கதவு... அவங்க போனதுக்கப்புறம் ஒட்டலாமா? மத்தியானத்துக்குள்ள போயிருவாங்க."

ஸ்தோய்னா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கதவு உன்னோடது. வச்சுக்கோ."

அவன் போனதும் பரணிலிருந்து பழைய குழாயை இறக்கினாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். செங்கல் துண்டுகளைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தாள். பின்னால் இருந்த பலகையை ரொட்டிக் கத்தியால் வட்டமாக, நன்றாக அகட்டி அறுத்தாள். வெள்ளைத் துகள்கள் கட்டில்மேல் பறந்து, பிளாகோயின் மீசையில் விழுந்தன. நான் துடைத்தேன். நிலவறையில் போன வருஷக் கரி அரை மூட்டை கிடந்தது. குழாயை ஓட்டை வழியாக வெளியே மாட்டிவிட்டு, அதையும் தூக்கி வந்தோம்.

அடுப்பு முதலில் திணறியது. பிறகு பிடித்துக்கொண்டது.

கீழே ஒலிபெருக்கியில் ஒரு குரல், பள்ளி, வீடு, தொழிற்பயிற்சி, தூய்மையான ஆற்றல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். திடீரென்று குரல் தடுமாறியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். முற்றமே தலையைத் தூக்கி எங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் சுவரில் கறுப்பாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது.

ராய்ச்சோ படியேறி வந்தான். மூச்சு வாங்கியது.

"என்னக்கா பண்றீங்க? இன்ஜினியரம்மா கீழ அழுவுறாங்க. ஆளே போயிட்டாரு, இனி யாருக்கு அடுப்பு?"

"குளிப்பாட்ட வேணாமா? பச்சைத் தண்ணியிலயா ஊத்தச் சொல்ற?"

"மின்சார அடுப்புல ஒரு பானை வச்சிருக்கலாமே!"

"எங்க முறை சாயங்காலம்ல?"

கீழே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். டையை அவிழ்த்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கட்டிலின் தலைப்பக்கம் போய் நின்றான்.

"நான் தலையப் பிடிச்சுக்கறேன்."

"கால் பக்கம் வா," என்றாள். "தலை என்கிட்ட இருக்கட்டும்."

அடுப்பில் இருந்த பானைத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். "இன்னும் சூடேறல," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இன்னொரு அள்ளு கரி போட்டாள்.